கேள்வி முந்தட்டும்

மாலை ஐந்து மணிக்கு மேல் மேற்கு மாம்பலத்தின் ஆரிய கவுடா சாலையையும் அதை ஒட்டிய தெருக்களையும் ஒரு சுற்று சுற்றி வந்தால், மாடிப்படிக்கு அடியில் செருப்புகள் குவிந்து கிடக்கும் வீடுகள் பல கண்ணில் படும். ஒரு மாடியில் பிளஸ் டூ கணக்கு ட்யூஷன், பக்கத்து மாடியில் சி.ஏ. இன்டர்மீடியட் வகுப்பு, எதிர்வீட்டில் பாட்டு வகுப்பு. அறை எடுத்துத் தங்கியிருக்கும் வெளியூர்ப் பிள்ளைகள் மடிக்கணினியில் ஐ.ஐ.டி. விரிவுரையை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் டெஸ்ட் சீரீஸ் எழுதி முடித்து, திருத்திய விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு மதிப்பெண் எங்கே போனது என்று டீக்கடை வாசலில் விவாதிக்கிறவர்களும் இவர்கள்தான்.

இதே வயதுப் பிள்ளைகள் பகலில் கல்லூரி வகுப்பறையில் கைபேசிக்குள் மூழ்கிவிடுகிறார்கள் என்று ஆசிரியர்கள் வருந்துகிறார்கள். வருத்தம் உண்மையானது. ஆனால் அக்கறையற்ற தலைமுறை என்று முடிவுகட்ட இந்தத் தெருக்கள் இடம் கொடுக்கவில்லை. பிள்ளைகளிடம் உழைப்பு இருக்கிறது. எங்கே அந்த உழைப்பு கேட்கப்படுகிறதோ அங்கே அது வெளிப்படுகிறது.

அப்படியானால் ஒரு கல்லூரிப் பாடத்தில் மாணவர் ஒன்றிப்போவது எதனால்? அசைவூட்டப் படங்கள், நகைச்சுவைத் துணுக்குகள், குட்டிக் காணொளிகள் என்று சட்டென்று தோன்றும் விடைகள் உண்டு. கற்றல் குறித்த ஆராய்ச்சி வேறொரு விடையைச் சொல்கிறது. மாணவரைச் சரியான அளவில் யோசிக்கவைத்து, யோசித்தது சரியா தவறா என்பதை உடனே தெரிவிக்கும் பாடமே அவரைப் பிடித்துவைக்கிறது. அப்படியொரு பாடத்தை அமைப்பது கற்றுக்கொள்ளக்கூடிய கலை. அதற்கு நம் ஊரிலேயே நல்ல சான்றுகள் இருக்கின்றன.

ஒரு மணி நேர விரிவுரை வாரப் பாடமான கதை

ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் வகுப்பை எந்தக் கல்லூரி மாணவரும் கேட்கும்படி செய்யலாமே என்ற யோசனை 1999இல் ஐ.ஐ.டி. மெட்ராஸில் நடந்த ஒரு கலந்துரையாடலில் உருப்பெற்றது. 2003இல் மத்திய அரசின் நிதியுடன் ஏழு ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து அதைத் தொடங்கின. அதுதான் என்பிடெல். தொடக்க காலப் பாடங்களின் அச்சு எளிமையானது: ஒரு பாடத்துக்கு நாற்பது விரிவுரை, ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மணி நேரம். பேராசிரியர் கரும்பலகை முன்னாலோ மேசையில் விரித்த தாளின் மேலோ எழுதிக்கொண்டே பேசுவார். எத்தனையோ சிற்றூர்க் கல்லூரிகளில் ஆசிரியர் இல்லாத பாடத்துக்கு அந்தக் காணொளிகளே ஆசிரியராக இருந்திருக்கின்றன. அந்த நன்றி என்றும் உரியது.

காணொளி இருந்தது, ஆனால் மாணவர் பார்த்தாரா, பார்த்தது புரிந்ததா என்று கேட்க ஆளில்லை. 2014இல் என்பிடெல் சான்றிதழ்ப் பாடங்களைத் தொடங்கியபோது அமைப்பே மாறியது. பாடங்கள் நான்கு, எட்டு, பன்னிரண்டு வாரம் என்று பகுக்கப்பட்டன. வாரந்தோறும் சில காணொளிகள், அந்த வாரத்துக்கே ஓர் அசைன்மென்ட், அதைச் சமர்ப்பிக்க ஒரு கெடு, சந்தேகம் கேட்க ஓர் இடம், பாட முடிவில் தேர்வு மையத்துக்கு நேரில் சென்று எழுதும் தேர்வு. மொத்த மதிப்பெண்ணில் 25 விழுக்காடு அசைன்மென்டுக்கு, 75 விழுக்காடு தேர்வுக்கு. 2017இல் அரசின் ஸ்வயம் தளம் வந்தபோது இந்த ஏற்பாடு நாடெங்கும் பரவியது. ஒரு பருவத்தின் பாடங்களில் 20 விழுக்காடு வரை இப்படி இணையவழியில் முடித்து மதிப்பலகு பெறலாம் என்று 2016இல் விதி செய்த பல்கலைக்கழக மானியக் குழு, 2021இல் அதை 40 விழுக்காடாக உயர்த்தியது.

இரண்டு வடிவத்திலும் பேசுகிறவர் அதே பேராசிரியர், பேசுகிற விஷயமும் அதே விஷயம். மாணவர் செய்ய வேண்டிய வேலை மட்டும்தான் புதிதாகச் சேர்ந்தது. பாடத் திட்டம் என்றால் ஆசிரியர் என்ன சொல்லப் போகிறார் என்ற பட்டியல் என்றே நாம் பழகியிருக்கிறோம். மாணவர் எந்த நாளில் என்ன செய்வார் என்ற பட்டியலாக அதை மாற்றி எழுதினால் பாடத்தின் இயல்பே மாறிவிடுகிறது.

ஒரே நேரத்தில் மூன்று நான்கு செய்திகள்

மனம் புதிய செய்தியை முதலில் வாங்கிவைக்கும் இடத்தைச் செயல்நினைவு என்கிறார்கள். 1956இல் ஜார்ஜ் மில்லர் அதன் கொள்ளளவை ஏழு செய்திகள் என்று மதிப்பிட்டார்; 2001இல் நெல்சன் கோவன் அதை நான்கு அளவுக்குக் குறைத்தார். ஒரு ஸ்லைடில் பதினோரு வரி, மூன்று சமன்பாடு, ஒரு படம், அதற்கு மேல் ஆசிரியரின் பேச்சு என்று வந்தால் மனத்தால் அனைத்தையும் ஒருசேரப் பிடிக்க முடியாது. ஆஸ்திரேலிய உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் 1980களில் இதைக் கொண்டு அறிதல் சுமை என்ற கோட்பாட்டை வகுத்தார். அவர் கண்டதில் ஆசிரியர்களுக்கு உடனே உதவும் செய்தி ஒன்று உண்டு. தொடக்கநிலை மாணவருக்குப் படிப்படியாகத் தீர்த்துக் காட்டிய கணக்குகள் மிகவும் உதவுகின்றன. எடுத்த எடுப்பில் தானே தீர்க்கச் சொன்னால் கணக்கின் நுணுக்கம் பிடிபடுவதற்குள் மனம் களைத்துவிடுகிறது. அதே மாணவர் தேர்ச்சி பெற்றபின் தீர்த்துக் காட்டிய கணக்கு அவருக்குச் சுமையாகிவிடும். ஆகவே முதல் கணக்கை முழுமையாகத் தீர்த்துக் காட்டி, இரண்டாவதில் கடைசிப் படியையும், மூன்றாவதில் கடைசி இரண்டு படிகளையும் மாணவரிடம் விட்டு, நான்காவதை அவரிடமே ஒப்படைப்பது நல்ல அமைப்பு.

கலிஃபோர்னியாவின் ரிச்சர்ட் மேயர் படமும் சொல்லும் சேரும் பாடங்களைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர். மின்னல் எப்படி உருவாகிறது என்ற பாடத்தில் மின்னல் தாக்கியவர்களைப் பற்றிய சுவையான செய்திகளையும் படங்களையும் சேர்த்து அவரும் ஷானன் ஹார்ப்பும் 1998இல் சோதித்தார்கள். செய்திகள் மாணவர்களுக்குப் பிடித்திருந்தன. ஆனால் மின்னல் உருவாகும் முறையை அவர்கள் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். பாடத்தின் மையத்தோடு ஒட்டாத சுவை, மையத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. பாடத்தை ஈர்ப்புள்ளதாக்க வேண்டும் என்று நினைக்கும் ஒவ்வோர் ஆசிரியரும் மனத்தில் நிறுத்த வேண்டிய முடிவு இது. கதை சொல்லலாம், அந்தக் கதையே பாடத்தின் கருத்தைச் சுமந்துவர வேண்டும்.

காணொளியின் நீளத்துக்கும் அளவு உண்டு. 2014இல் பிலிப் குவோவும் அவருடைய குழுவினரும் எடெக்ஸ் தளத்தின் நான்கு பாடங்களில் 69 லட்சம் பார்வைகளை அலசினார்கள். காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும், மாணவர்கள் அதில் செலவிட்ட இடைநிலை நேரம் ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. அசையாமல் நிற்கும் ஸ்லைடுகளைவிட, ஆசிரியரின் கை எழுதிக்கொண்டே போகும் காணொளிகளை மாணவர்கள் கூடுதல் நேரம் பார்த்தார்கள். தாளில் எழுதிக் காட்டிய அந்தப் பழைய பேராசிரியர்களின் முறையில் ஒரு பலம் இருந்தது என்பதும் இதில் தெரிகிறது.

ஆனால் நீளத்தை நறுக்குவதோடு வேலை முடிந்துவிடாது. 2013இல் கார்ல் ஸ்புனரும் நோவல் கானும் டேனியல் ஷாக்டரும் புள்ளியியல் விரிவுரைக் காணொளி ஒன்றை நான்கு பகுதியாக்கினார்கள். ஒரு குழுவுக்கு ஒவ்வொரு பகுதிக்குப் பின்னும் ஒரு சிறு தேர்வு வைத்தார்கள். அந்தக் குழுவில் மனம் அலைபாய்வது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது, குறிப்பெடுப்பது கூடியது, இறுதித் தேர்வு மதிப்பெண்ணும் உயர்ந்தது. நடுவில் வந்த கேள்விகள்தான் கவனத்தை இழுத்து நிறுத்தியிருக்கின்றன.

நினைவிலிருந்து எடுத்துப் பார்த்தல்

பாட்டு வகுப்பில் குரு ஒரு வரி பாடியதும் சிஷ்யை அதைத் திருப்பிப் பாட வேண்டும். ஒரு மணி நேரம் குரு பாட, சிஷ்யை கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுக் கீர்த்தனை பாடமாகிவிட்டது என்று வீட்டுக்குப் போவதில்லை. கல்லூரிப் பாடத்தில் மட்டும் கேட்பதே கற்பது என்று எப்படியோ ஏற்றுக்கொண்டுவிட்டோம்.

1885இல் ஜெர்மானியரான ஹெர்மன் எபிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, தன் மறதியைத் தானே அளந்து வெளியிட்டார். ஒரு நாள் கழித்துப் பார்த்தால் முதலில் செலவிட்ட உழைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சியிருந்தது. இந்த மறதிக்கு மருந்து என்ன என்பதை 2006இல் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் அழகாகக் காட்டினார்கள். கல்லூரி மாணவர்களுக்கு ஒரு கட்டுரைப் பகுதி தரப்பட்டது. ஒரு குழு அதை நான்கு அமர்வுகளிலும் படித்தது. இன்னொரு குழு ஓர் அமர்வில் மட்டும் படித்துவிட்டு, மற்ற மூன்று அமர்வுகளிலும் புத்தகத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் படித்துக்கொண்டே இருந்தவர்கள் முந்தினார்கள்: 83 விழுக்காடு, எதிரே 71. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது. படித்தவர்களிடம் 40 விழுக்காடு எஞ்சியது. எழுதிப் பார்த்தவர்களிடம் 61.

தேர்வு என்றால் அளவுகோல் என்று மட்டுமே நாம் நினைக்கிறோம். இந்த ஆய்வுகளின்படி, நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பதே நினைவை உறுதிப்படுத்தும் செயல். ஆகவே மதிப்பெண் பயம் இல்லாத சிறு கேள்விகளை வகுப்புக்கு வகுப்பு தூவிவைப்பது பாடத்துக்கு வெளியே உள்ள சுமை ஆகாது, அதுவே பாடம். ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட் சீரீஸ் எழுதும் சி.ஏ. மாணவர் இதைத் தன் அனுபவத்தில் உணர்ந்தவர். சி.ஏ. தேர்வுகளை நடத்தும் பட்டயக் கணக்காளர் கழகமும் ஒவ்வொரு தேர்வுக்கு முன்னாலும் ரிவிஷன் டெஸ்ட் பேப்பர், மாக் டெஸ்ட் பேப்பர் என்று வெளியிட்டுவருகிறது. கல்லூரிகளில் இன்டர்னல் தேர்வு பருவத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை வந்து, மதிப்பெண்ணாகப் பதிவேட்டில் ஏறி, அத்தோடு முடிந்துவிடுகிறது. விடைத்தாள் திரும்பி வரும்போது அடுத்த யூனிட் பாதி ஓடியிருக்கும்.

இடைவெளியும் கலவையும்

எப்போது திருப்பிப் பார்ப்பது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. நிக்கோலஸ் செப்பேடாவின் குழு 1,350 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2008இல் வெளிவந்தது. ஒரு வாரம் நினைவிருந்தால் போதும் என்றால் முதல் படிப்புக்கும் திருப்புதலுக்கும் ஒரு நாள் இடைவெளி சிறந்தது. ஓராண்டு நிலைக்க வேண்டும் என்றால் மூன்று வாரம் அளவுக்கு இடைவெளி வேண்டியிருந்தது. ஐந்தாவது வார அசைன்மென்டில் இரண்டாவது வாரத்துக் கேள்வி ஒன்று இருந்தால் இந்தப் பயன் செலவில்லாமல் கிடைக்கும்.

கணக்குகளைக் கலந்து தருவதன் பயன் இன்னும் வியப்பானது. டக் ரோரரும் கெல்லி டெய்லரும் 2007இல் கல்லூரி மாணவர்களுக்கு நான்கு வகைத் திண்ம வடிவங்களின் கன அளவு காணக் கற்பித்தார்கள். ஒரு குழு ஒவ்வொரு வகையாக முடித்துக்கொண்டு போனது. மற்றது நான்கையும் கலந்து செய்தது. பயிற்சியின்போது வகைவகையாகச் செய்தவர்கள் 89 விழுக்காடு சரி, கலந்து செய்தவர்கள் 60. ஒரு வாரம் கழித்து வகைவகையாகச் செய்தவர்கள் 20 விழுக்காட்டுக்கு இறங்கினார்கள். கலந்து செய்தவர்கள் 63இல் நின்றார்கள். காரணம் தெளிவு. யூனிட்டின் இறுதியில் வரும் பத்துக் கணக்குகளும் ஒரே சூத்திரத்தைக் கேட்டால், எந்தச் சூத்திரம் என்று யோசிக்கும் வேலையே மாணவருக்கு வருவதில்லை. பல்கலைக்கழகத் தேர்வில் முதலில் தேவைப்படுவது அந்த வேலைதான்.

சட்டாம்பிள்ளையும் ஹார்வர்டும்

எழும்பூரில் இருந்த ஆண் அநாதைகள் காப்பகத்தை 1789 முதல் 1796 வரை நடத்திவந்தவர் ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல். இங்குள்ள திண்ணைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் செய்தார். நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை செய்துவந்த வேலை அது. இங்கிலாந்து திரும்பி 1797இல் அவர் அதைப் பற்றி நூல் எழுத, அந்த முறை ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் பிரிட்டனின் பள்ளிகளிலும் அதற்கு வெளியிலும் பரவியது.

இருநூறு ஆண்டுக்குப் பின் ஹார்வர்டின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் வேறொரு வழியில் இதே இடத்துக்கு வந்தார். நல்ல விரிவுரையாளர் என்று பெயரெடுத்தவர் அவர். விசை பற்றிய எளிய கருத்துக் கேள்விகளைத் தம் மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தபோது, கடினமான கணக்குகளைப் போடத் தெரிந்தவர்கள் அடிப்படைக் கேள்வியில் தடுமாறினார்கள். 1991 முதல் அவர் வகுப்பை மாற்றினார். ஒரு கருத்தைச் சில நிமிடம் விளக்கியதும் திரையில் ஒரு கேள்வி வரும். ஒவ்வொருவரும் தனியாக யோசித்து விடையளிப்பார்கள். சரியாக விடையளித்தவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கும் மூன்றில் இரண்டு பங்குக்கும் இடையில் இருந்தால், பக்கத்தில் இருப்பவரிடம் பேசி ஒப்புக்கொள்ளவைக்கச் சொல்வார். பிறகு மறுபடி விடையளிக்க வேண்டும். இரண்டாவது முறை சரியான விடைகள் பெருகும்.

நன்றாகப் படிப்பவர் சொன்னதை மற்றவர்கள் எழுதிவிடுகிறார்களோ என்ற ஐயம் இயல்பானது. மிஷெல் ஸ்மித்தும் குழுவினரும் 2009இல் அதை மரபியல் வகுப்பில் சோதித்தார்கள். பேசி முடித்ததும் அதே கருத்தில் புதிய கேள்வி ஒன்றைத் தனியாகக் கேட்டபோதும் மாணவர்கள் முன்னேறியிருந்தார்கள். குழுவில் யாருக்குமே முதலில் விடை தெரியாதபோதும் பேச்சின் வழியே தெளிவு பிறந்தது. அறுபது பேர் நெருக்கி உட்காரும் நம் வகுப்பறைக்கு இந்த முறை மிகவும் பொருந்தும். கருவி எதுவும் வேண்டாம். விடையின் எண்ணுக்கு ஏற்ப ஒன்று முதல் நான்கு விரல்களை மார்புக்கு நேரே உயர்த்திக் காட்டினால் போதும்.

கையில் அட்டைகளோடு ஒரு கணினிப் பாடம்

2020இல் ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஜே.இ.இ. தேர்வு இல்லாமல் சேரக்கூடிய தரவு அறிவியல் இணையவழிப் பட்டப்படிப்பை அறிவித்தது. கணினியையே தொடாமல் வணிகவியலோ வரலாறோ படித்தவர்களும் சேர்ந்தார்கள். அவர்களுக்கு நிரல் எழுத எப்படிக் கற்பிப்பது? கணக்கீட்டுச் சிந்தனை என்ற முதல் பாடத்தை ஜி. வெங்கடேஷும் மாதவன் முகுந்தும் எடுத்தார்கள். முகுந்த் சென்னை கணிதவியல் கழகத்தைச் சேர்ந்தவர். மேற்கு மாம்பலத்திலிருந்து ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், தி.நகரில் 1989இல் பிறந்து, 2005இல் சிறுசேரிக்குக் குடிபெயர்ந்த நிறுவனம் அது.

அந்தப் பாடத்தின் தொடக்கத்தில் நிரல்மொழியே கிடையாது. மாணவர்களின் மதிப்பெண் அட்டைகள், கடை ரசீதுகள், சொற்கள் எழுதிய அட்டைகள் இவைதான் பாடப் பொருள். இரு ஆசிரியர்களும் அட்டைகளைக் கையில் எடுத்து, ஒவ்வொன்றாகப் பார்த்து, பார்த்ததை வேறொரு குவியலில் வைக்கிறார்கள். எத்தனை பேர் என்று எண்ண வேண்டுமா, அதிக மதிப்பெண் யாருக்கு என்று தேட வேண்டுமா, எதைக் குறித்துவைத்துக்கொள்வது, எப்போது நிறுத்துவது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். அந்தச் செயலை ஓட்டப்படமாக வரைந்து, பிறகு சாதாரணச் சொற்களில் படிப்படியான கட்டளைகளாக எழுதுகிறார்கள். நிரல்மொழிக்கு மாணவர் வரும்போது சுழற்சி, நிபந்தனை, மாறி ஆகியவை அவருக்குக் கையால் செய்து பழகிய வேலைகளாக இருக்கின்றன. புதிதாகக் கற்க அந்த மொழியின் இலக்கணம் மட்டுமே மிஞ்சுகிறது. செயல்நினைவின் சுமையைக் குறைப்பது, கேள்வியை முன்னால் வைப்பது, இரண்டு பேர் பேசித் தெளிவது எல்லாம் ஒரே பாடத்தில் கூடியிருக்கின்றன. செலவு, சில அட்டைகள்.

ஒரு வாரப் பாடத்தை அமைப்போம்

பி.காம். முதலாண்டில் தேய்மானம் என்ற பாடத்தை எடுத்துக்கொள்வோம். வழக்கமாக அதன் பொருள் விளக்கம், காரணங்கள், முறைகள், நன்மை தீமைகள், பிறகு கணக்கு என்று வரும். இதையே தலைகீழாகத் தொடங்கலாம்.

திங்கட்கிழமை, எதையும் விளக்குவதற்கு முன்னால் ஒரு கேள்வி: ரயிலடிக்குப் பக்கத்தில் காபித்தூள் கடை வைத்திருப்பவர் ஒரு லட்ச ரூபாய்க்கு அரைக்கும் இயந்திரம் வாங்குகிறார். பத்து ஆண்டு உழைக்கும். அதற்குப் பிறகு பழைய இரும்பு விலைகூடத் தேறாது. மூன்று ஆண்டு கழிந்ததும் கணக்குப் புத்தகத்தில் அதன் மதிப்பு எவ்வளவு என்று எழுத வேண்டும்? ஒவ்வொருவரும் ஓர் எண்ணைத் தாளில் எழுதி, அதற்கு ஒரு வரி காரணமும் எழுதட்டும். பலர் 70,000 என்பார்கள். சிலர் புது இயந்திரம் முதல் ஆண்டிலேயே விலை இறங்கிவிடுமே என்பார்கள். இரு தரப்பும் பேசட்டும். இருபது நிமிடத்தில் தேய்மானத்தின் இரு பெரும் முறைகளுக்கும் தேவையான எண்ணம் வகுப்பிலேயே பிறந்துவிடும்.

புதன்கிழமை அதற்குப் பெயர் சூட்டலாம். ஆண்டுதோறும் 10,000 கழித்தால் நேர்கோட்டு முறை. மூன்றாம் ஆண்டு முடிவில் 70,000. மீதமுள்ள மதிப்பில் 10 விழுக்காடு கழித்தால் குறைந்துசெல் மதிப்பு முறை. 90,000, 81,000, 72,900. இங்கே அடுத்த கேள்வி: பத்தாம் ஆண்டு முடிவில் முதல் முறையில் மதிப்பு பூஜ்யம், இரண்டாவதில் ஏறத்தாழ 34,868 ரூபாய் நிற்கிறதே, உழைத்து ஓய்ந்த இயந்திரத்துக்கு இது பொருந்துமா? விகிதத்தை உயர்த்த வேண்டும் என்று மாணவரே சொல்வார். வருமான வரி விதிகளில் பொதுவான இயந்திரங்களுக்குக் குறைந்துசெல் மதிப்பில் 15 விழுக்காடு என்று இருப்பதை அப்போது சொன்னால் அந்த எண்ணுக்கு உயிர் வந்துவிடும். அந்த விகிதத்தில் மூன்றாம் ஆண்டு முடிவில் 61,412 ரூபாய் 50 காசு.

வெள்ளிக்கிழமை பத்து நிமிடத் தேர்வு, புத்தகம் மூடியபடி. ஐந்து கேள்விகளில் மூன்று இந்த வாரத்தியவை. ஒன்று சென்ற வாரத்து இருப்பாய்வு. ஒன்று அதற்கும் முந்தைய பேரேட்டுப் பதிவு. பக்கத்தில் இருப்பவர் திருத்தி, தவறு எங்கே என்று காட்டட்டும். மூன்று வாரம் கழித்து வேறொரு பாடத்தின் நடுவே தேய்மானக் கேள்வி ஒன்று மறுபடி தலைகாட்டட்டும். இந்த அமைப்புக்குப் புதிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஆசிரியர் முன்கூட்டியே உட்கார்ந்து நல்ல கேள்விகளை எழுதும் நேரம் மட்டும் தேவைப்படுகிறது.

கற்றதாகத் தோன்றுவதும் கற்பதும்

இப்படி நடத்தினால் மாணவர்கள் முதலில் முணுமுணுப்பார்கள். அதற்கு ஆசிரியர் தயாராக இருக்க வேண்டும். 2019இல் லூயி டெலோரியேவின் குழு ஹார்வர்டில் ஒரே இயற்பியல் பாடத்தைச் சில மாணவர்களுக்குச் சிறந்த விரிவுரையாகவும் சிலருக்குக் குழுவாகக் கணக்குப் போடும் வகுப்பாகவும் நடத்தியது. குழுவாகச் செய்தவர்கள் தேர்வில் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள். ஆனால் குறைவாகக் கற்றதாகவே நினைத்தார்கள். விரிவுரை கேட்டவர்கள் நிறையக் கற்றதாக உணர்ந்தார்கள். சரளமாக ஓடும் விளக்கம் கேட்பவருக்குத் தானும் அறிந்துவிட்டதான உணர்வைத் தருகிறது. திணறி யோசிப்பது அப்படித் தருவதில்லை. ஒரு வகுப்பின் தொடக்கத்திலேயே இந்த உண்மையை மாணவர்களிடம் திறந்து சொல்லிவிடுவது நல்லது. திணறல் தோல்வியின் அடையாளம் இல்லை என்று தெரிந்தால் அவர்கள் ஒத்துழைக்கிறார்கள்.

மொத்தப் பயன் எவ்வளவு? 2014இல் ஸ்காட் ஃப்ரீமனும் குழுவினரும் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மாணவரை வேலை வாங்கும் வகுப்புகளில் தேர்வு மதிப்பெண் சராசரியாக 6 விழுக்காடு உயர்ந்திருந்தது. விரிவுரை வகுப்பில் தோற்றவர்கள் ஏறத்தாழ 34 விழுக்காடு. மற்ற வகுப்பில் 22. அரியர் வைத்து வேலைவாய்ப்பை இழந்து நிற்கும் பிள்ளைகளைக் கொண்ட குடும்பங்களுக்கு இந்தப் பன்னிரண்டு விழுக்காடு மிகப் பெரியது.

கல்லூரி செய்ய வேண்டியது

வினாத்தாள் மாறாமல் பாடம் மாறாது என்பார்கள். அதில் உண்மை உண்டு. அண்ணா பல்கலைக்கழக வினாத்தாளில் இரண்டு மதிப்பெண் வினா பத்து, பதின்மூன்று மதிப்பெண் வினா ஐந்து, பதினைந்து மதிப்பெண் வினா ஒன்று என்ற அமைப்பைப் பொறியியல் மாணவர்கள் நன்கறிவார்கள். ‘டூ மார்க்ஸ்’ விடைகளைத் தொகுத்த நகல்கள் ஒவ்வொரு ஜெராக்ஸ் கடையிலும் கிடைக்கின்றன; யோசித்து எழுத வேண்டிய அந்த ஒரு கேள்விக்கு அப்படியொரு நகல் கிடைப்பதில்லை. அந்த வகைக் கேள்விக்கு வகுப்பில் பழக்கம் தருவதுதான் ஆசிரியர் மட்டுமே செய்யக்கூடிய வேலை.

பொறியியல் படிப்புகளை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா 2014இல் முழு உறுப்பினரானதிலிருந்து பொறியியல் கல்லூரிகள் ஒவ்வொரு பாடத்துக்கும் கற்றல் விளைவுகளை எழுதிவைக்கின்றன. கோப்பில் இருக்கும் அந்த வரிகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நேராக ‘இதை மாணவர் எந்த வாரம், எந்தக் கேள்வியின் வழியே செய்து காட்டுவார்?’ என்று எழுதினால் பாட வடிவமைப்பில் பாதி முடிந்தது. இதைத் தனி ஆசிரியரின் ஆர்வத்துக்கு விட்டுவிடக் கூடாது. வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் வகுப்பெடுத்து, அங்கீகாரக் கோப்புகளையும் தயாரிக்கும் ஒருவரிடம் இரவு உட்கார்ந்து கேள்வி எழுது என்று சொல்வது நியாயமில்லை. ஒரே பாடம் எடுக்கும் நான்கு ஆசிரியர்கள் வாரம் ஒரு மணி நேரம் சேர்ந்து உட்கார அட்டவணையில் இடம் வேண்டும். அவர்கள் எழுதும் கேள்விகளும் மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகளும் ஒரு பொதுத் தொகுப்பில் சேர வேண்டும். அடுத்த ஆண்டு புதிதாக வரும் ஆசிரியர் அங்கிருந்து தொடங்கலாம்.

மிகச் சிறந்த விரிவுரை இன்று எந்த ஊரிலும் இலவசமாகக் கிடைக்கிறது. ஆகவே கல்லூரி வகுப்பறை தரக்கூடிய அரிய பொருள் வேறு: எதிரே உட்கார்ந்திருக்கும் இந்த அறுபது பேரும் எங்கே தவறாகப் புரிந்துகொள்வார்கள் என்று அறிந்த ஓர் ஆசிரியர், அந்தத் தவறை வெளியே கொண்டுவரும் ஒரு கேள்வி, அதைத் திருத்திக்கொள்ள அன்றே கிடைக்கும் ஒரு வாய்ப்பு. வரும் பருவத்தில் எல்லாப் பாடத்தையும் மாற்றத் தேவையில்லை. ஒரு பாடத்தில் ஒரு யூனிட்டை எடுத்து, ஒவ்வொரு வகுப்பும் ஒரு நல்ல கேள்வியோடு தொடங்கும்படி அமைத்தால் போதும். அந்த யூனிட்டின் விடைத்தாள்களை மற்ற யூனிட்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபின், அடுத்த யூனிட்டை எப்படி எடுப்பது என்று ஆசிரியருக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியிருக்காது.